போர்க்கைதியாக இறந்த சின்னத் தாத்தாவை எங்கே தேடுவது, எந்த நாளில் நினைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். உங்கள் தாத்தாவின் தம்பி, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார். 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டவர் போர் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. ‘கைதியாக இருந்தபோது இறந்தார்’ என்று வந்த அரசுக் கடிதமும் இப்போது கையில் இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பவை மங்கிய படம் ஒன்று, இரண்டு மெடல்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கதைகள். சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதையில் செத்தார் என்பது ஒரு கதை. நேதாஜி படையில் சேர்ந்து பர்மா எல்லையில் செத்தார் என்பது மற்றொன்று. அவருக்குக் கல்லறை உண்டா, பெயராவது எங்கேனும் இருக்கிறதா, எந்த நாளில் அவருக்குத் திதி கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகச் சொன்னால், அவர் பெயர் சிங்கப்பூரின் வடக்கே கிரான்ஜியில் உள்ள போர் நினைவுச்சின்னத்தின் தூண் ஒன்றில் பொறிக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கே இல்லையென்றால் அடுத்துத் தேட வேண்டிய இடங்கள் பப்புவா நியூ கினியில் உள்ள லே, ரபாவுல் கல்லறைகள். வீட்டில் உலவும் இரண்டு கதைகளையும் தற்காலிகமாக ஒதுக்கி வையுங்கள். அவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைதியாக இறந்த ஒருவரின் விஷயத்தில், தெரியாத இடங்களைக் குடும்பம் அறுபது, எழுபது ஆண்டுகளாகக் கேள்விப்பட்டதையெல்லாம் கொண்டு நிரப்பியிருக்கும். அதை முதலில் பிரித்தெடுக்காமல் வைக்கும் எந்த நினைவுக் கல்லும் வேறு யாருக்கோ வைத்த கல்லாகிவிடக்கூடும்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் முறைப்படி ஒப்படைத்தார், ஃபுஜிவாரா பேசினார், பிறகு கேப்டன் மோகன் சிங் பேசி, பின்னாளில் ‘நேதாஜி படை’ என்று அறியப்பட்ட இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார். பெரும்பாலானவர்களின் கதை அந்த மைதானத்தில்தான் இரண்டாகக் கிளை பிரிகிறது. சேர்ந்தவர்கள் ஒரு பக்கம் போனார்கள். சேராதவர்கள் பிடாடரி, நீ சூன், செலேட்டார் போன்ற முகாம்களில் கைதிகளாக வைக்கப்பட்டு, பிறகு கூலி வேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கைதிகள் என்றதும் நினைவுக்கு வருகிற சாங்கி, பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் இருந்த இடம். உங்கள் சின்னத் தாத்தாவை அங்கே தேடிப் பயனில்லை.

கப்பல்கள் போன திசையைத்தான் நம் குடும்பங்களில் பலரும் அறிவதில்லை. இந்தியக் கைதிகளில் பல ஆயிரம் பேர் கிழக்கே, நியூ கினி, நியூ பிரிட்டன் உள்ளிட்ட பசிபிக் தீவுகளுக்கு, விமானத் தளம் போடவும் மூட்டை சுமக்கவும் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பயணத்திலேயே பலர் மாண்டார்கள். 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான வாஹூ மூழ்கடித்த ‘பூயோ மாரு’ என்ற ஜப்பானியக் கப்பலில், இரண்டாம் பட்டாலியன் பதினாறாம் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள். அவர்களில் 195 பேர் இறந்தார்கள். தாங்கள் சுட்டது யாரை என்று நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்கு அப்போது தெரியாது. தன் தரப்புக் குண்டாலேயே கைதி சாவது, போர்க்கைதிச் சாவுகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் அடிக்கடி நடந்த ஒன்று. உங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தில் சாவின் காரணம் எழுதப்படாமல் இருந்திருந்தால், எழுதியவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

தீவு சேர்ந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் பசியும் அதன் கூட்டாளிகளான மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பெரிபெரி ஆகியவையும்தான். பெரிபெரி, தீட்டிய அரிசியை மட்டும் தின்று உயிர்வாழ்கிறவனுக்கு பி1 உயிர்ச்சத்து இல்லாமல் வரும் நோய். முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு கால் வீங்கும். வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விழும் குழி, விரலை எடுத்த பிறகும் நெடுநேரம் அப்படியே நிற்கும். அந்தக் காலோடுதான் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் இதயம் நின்றுவிடும். இருபது வயதுக்காரன், துப்பாக்கி கையில் இல்லாமல், எதிரியையே பார்க்காமல் இப்படி இறந்துபோனான் என்பதை ஏற்கக் குடும்பங்களுக்குச் சிரமமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘போரில் குண்டு பட்டு இறந்தார்’ என்று எழுதலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். பசியால் இறந்தார் என்று எழுதுவதில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை. அந்தப் பசியை உண்டாக்கியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நியூ கினியின் வெவாக் பகுதிக்கு 1943இல் கொண்டுபோகப்பட்ட சுமார் 3,000 இந்தியக் கைதிகளில் போரின் முடிவில் உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரான ஜமேதார் சிந்த் சிங், ஜப்பானியர் மீதான போர்க்குற்ற வழக்கில் சாட்சி சொல்வதற்காகப் பின்தங்கியதால் பிழைத்தார். முன்னதாக விமானம் ஏறிய அவருடைய தோழர்கள் 1945 நவம்பரில் விபத்தில் மாண்டார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த சாவு அது. ரபாவுலில் ஆஸ்திரேலிய ராணுவ நீதிமன்றங்கள் நடத்திய அந்த விசாரணைகளில், இந்தியர்கள் கைதிகளே அல்லர், தாமாக முன்வந்து எங்களுக்கு உதவிய படையினர் என்று ஜப்பானியத் தரப்பு வாதிட்டது. இறந்தவன் யாராக இறந்தான் என்பதே வழக்காகிப் போயிற்று. அந்த விசாரணைப் பதிவுகள் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படிக்க விரும்பினால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இனி உங்கள் வீட்டின் முதல் கதை. சயாம் மரண ரயில் என்று நாம் சொல்லும் 415 கிலோமீட்டர்ப் பாதை 1942–43இல் போடப்பட்டது. அங்கே இறந்த போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியர்கள். ஆனால் அதைப்போலப் பல மடங்கு எண்ணிக்கையில் அங்கே செத்தவர்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், மலாய்க்காரர்களும், பர்மியர்களும் ஆன கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்குப் படை எண் கிடையாது, ரெஜிமெண்ட் கிடையாது, ஆகவே அந்தப் பாதையோரப் போர்க் கல்லறைகள் இருக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலோ பர்மாவின் தன்பியூசயாட்டிலோ தலைக்கல்லும் கிடையாது. தமிழ்நாட்டில் ‘சயாமில் செத்தார்’ என்று சொல்லப்படுகிறவர் சிப்பாயாக இருந்திருப்பதைவிடத் தோட்டத் தொழிலாளியாக இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ மலாயாத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத இன்னொருவர் உண்டா என்று விசாரியுங்கள். இரண்டு மனிதர்களின் கதைகள் ஒருவர் மேல் ஏறிவிடுவது மிகச் சாதாரணம்.

இரண்டாவது கதையில் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் சிங்கப்பூருக்குப் போன பட்டாளத்துக்காரர் எல்லோருமே பின்னாளில் ‘நேதாஜி படை’ ஆகிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் இருந்து செத்தார் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது என்பதும் ஒரு காரணம். அவர் உண்மையிலேயே சேர்ந்திருக்கவும் கூடும். மோகன் சிங் அமைத்த முதல் படை 1942 டிசம்பரில் கலைந்தது; 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றபின் மலாயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள்; 1944இல் இம்பால் பக்கம் நடந்த போரில் அந்தப் படை சிதைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த கடிதம் ‘கைதியாக இருந்தபோது இறந்தார்’ என்று சொன்னதும், அவருடைய மெடல்கள் வீடு வந்து சேர்ந்ததும், அவர் சேராத பக்கத்தையே சுட்டுகின்றன. சேர்ந்தவனைத் துரோகி என்றும் சேராதவனை அடிமை என்றும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் பேசினார்கள். பட்டினி முகாமில் இருபது வயதுப் பையன் எடுத்த முடிவை, அவன் வாயால் ஒரு வார்த்தைகூட நமக்கு வந்து சேராத நிலையில், நாம் இன்று ஒரு கொள்கையாக மாற்றி எழுதுவது சரியில்லை என்பது என் எண்ணம். புறநானூற்றின் 74ஆம் பாடல், சோழனிடம் போரில் பிடிபட்டுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில், தாமதமாக வந்த தண்ணீரைக் குடிக்காமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது என்கிறது அதன் பழைய குறிப்பு. அவன் அரசன், கைதியாகச் செத்தும் அவன் சொல் தங்கிவிட்டது. சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை.

கைதிகளில் வீரப் பதக்கம் பெற்றவர்கள் உண்டு. ஹாங்காங்கில் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பிறகும் விசுவாசம் மாறாமல் நின்று 1943 அக்டோபரில் தலை வெட்டப்பட்ட கேப்டன் மதீன் அன்சாரிக்கு இறந்தபின் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவருடைய கல்லறை ஹாங்காங்கின் ஸ்டான்லியில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரைத் தேடுவது எளிது. சாதாரணச் சிப்பாயைத் தேட நம்மிடம் இருப்பது ஓர் எண், ஒரு பெயர், அவ்வளவுதான்.

அந்த எண் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கு வந்தவற்றிலோ எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்தார்கள். வட்ட மெடலானால் அதன் விளிம்பில் பாருங்கள்; ஆறுமுனை நட்சத்திரமானால் பின்பக்கத்தில் பாருங்கள். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சமும் போதும். தயவுசெய்து புளி போட்டோ பாலிஷ் போட்டோ துலக்காதீர்கள். ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்த மெடலை அவர்கள் வீட்டுப் பாட்டி ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜைக்குப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தார். அத்தனை ஆண்டு அன்பில் விளிம்பெழுத்து முழுக்கத் தேய்ந்து, எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எட்டு மாதம் அலைந்தோம். உங்களிடம் இருக்கும் நட்சத்திரம் பசிபிக் நட்சத்திரமாக இருந்தால், அவர் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் இருந்தார் என்பதற்கு அதுவே ஒரு சான்று.

எண் கிடைத்ததும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள், கட்டணம் இல்லை. 1917இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையம், இரண்டாம் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படையினரைக் கணக்கில் கொள்கிறது. ஆகவே விடுதலையாகி ஊர் திரும்பும் வழியிலோ மருத்துவமனையிலோ 1946இல் இறந்திருந்தாலும் அவர் பட்டியலில் இருக்க வேண்டும். எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடுவதானால் பொறுமை வேண்டும். முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். ரெஜிமெண்ட் குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் எழுத்து. ஆகவே பெயரின் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தி, படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் கொடுத்துப் பாருங்கள். பதவி ‘சாப்பர்’ என்றிருந்தால் அவர் பொறியாளர் படை. நம் மாகாணத்திலிருந்து போனவர்களில் பலர் மதராஸ் சாப்பர்ஸில் இருந்தார்கள். கூடுதல் விவரம் என்ற பகுதியில் தகப்பன் பெயரும் ஊரும் இருந்தால், அதுதான் உங்களுக்கு வேண்டிய ஒற்றை வரி. அங்கேயும் ஊர்ப் பெயர் சிதைந்திருக்கும். உரக்க வாசித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். வயதை அப்படியே நம்ப வேண்டாம். சேரும்போது ஓரிரண்டு வயது கூட்டிச் சொன்ன பையன்கள் எத்தனையோ பேர்.

பதிவில் பிழை இருந்தால், ஆவணச் சான்றோடு எழுதினால் ஆணையம் பரிசீலித்துத் திருத்தும். பெயரே இல்லாவிட்டால், பழைய ரெஜிமெண்டின் இன்றைய வாரிசான படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் அது பெங்களூரில் இருக்கும் மதராஸ் இன்ஜினியர் குரூப். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலமாக எழுதினால் கடிதத்துக்கு மதிப்புக் கூடும். அவருடைய தாயோ மனைவியோ குடும்ப பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தப் புத்தகத்தையும் தேடுங்கள். பென்ஷன் புத்தகத்தில் படை எண் இல்லாமல் இருக்காது.

கிரான்ஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே குன்றின் சரிவில் 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. உச்சியில், விமானத்தின் இறக்கையைப்போல் நீண்ட கூரையைத் தாங்கி நிற்கும் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், படைப்பிரிவு வாரியாக, பதவி வாரியாக இருக்கின்றன. கல்லறை இடம் தெரியாதவர்கள் இவர்கள். கைதியாக இருந்து இறந்தவர்களும், கைதிகளாகக் கப்பலில் போகும்போது கடலில் மூழ்கியவர்களும் இவர்களில் அடக்கம். 1957இல் திறக்கப்பட்ட அந்தச் சின்னத்தின் கல்வெட்டு, தோழர்களுக்குக் கிடைத்த வழக்கமான இறுதிச் சடங்கு போரின் விதியால் இவர்களுக்கு மறுக்கப்பட்டது என்ற பொருள்பட எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கேள்வியும் அதுதானே. அதே வளாகத்தில், தங்கள் மத முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனியே தகன நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. பெரும்பாலும் பிரிக்கப்படாத இந்தியாவின் சிப்பாய்கள். பெயரைத் தேடும்போது அதையும் விட்டுவிடாதீர்கள். போவதற்கு முன்பே இணையப் பதிவிலிருந்து தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் வெயிலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம்.

இப்போது நாள். பதிவில் இறந்த தேதி இருந்தாலும் அதை ஒரு முறை சந்தேகப்படுங்கள். 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால், அது அவர் மூச்சு நின்ற நாள் என்பதைவிட, அவரைப் பற்றிய செய்தி நின்ற நாளாக இருக்கலாம். சில பதிவுகளில் இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில் என்றே இருக்கும். தீவு முகாமில் கூட இருந்தவர் யாராவது பிழைத்து வந்து சொன்னதை வைத்து எழுதப்பட்ட தேதியானால் ஓரளவு நம்பலாம். நம்பத்தக்க தேதி கிடைத்தால், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்து மாதத்தையும் திதியையும் கணித்துக் கொடுக்கப் புரோகிதரால் முடியும். கிடைக்கவில்லை என்றால், நாள் தெரியாதவர்களுக்கு என்று நம் வழக்கத்திலேயே அமாவாசை இருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளிலும் புரட்டாசி மகாளய அமாவாசையிலும் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். ஆயுதத்தாலும் விபத்தாலும் இறந்தவர்களுக்கு மகாளய அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசியைச் சொல்வது சாஸ்திர வழக்கு. பசியாலும் நோயாலும் இறந்த கைதிக்கு அது பொருந்துமா என்றால், புரோகிதருக்குப் புரோகிதர் பதில் மாறும். என்னைக் கேட்டால் அமாவாசையே போதும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சிங்கப்பூர் சரணடைந்த நாளான பிப்ரவரி 15ஐ ஊர்க்கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அது எல்லோருக்கும் பொதுவான நாள்.

உடல் இல்லாமல் இதையெல்லாம் செய்யலாமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. போர்க்கைதியை மரியாதையோடு அடக்கம் செய்து கல்லறையில் அடையாளம் இட வேண்டும் என்று 1929 ஜெனீவா உடன்படிக்கையே சொன்னது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. இயன்றவரை அவரவர் மத முறைப்படி அடக்கம், சாம்பலைப் பாதுகாத்தல், இறப்புச் சான்று அனுப்புதல் என்று 1949 உடன்படிக்கையின் 120ஆம் பிரிவு விரிவாகச் சொல்வதற்குக் காரணமே உங்கள் சின்னத் தாத்தாவைப் போன்றவர்களுக்கு நேர்ந்ததுதான். அவருக்குச் செய்யப்படாமல் விடப்பட்டது சட்டத்துக்கே கடனாக நின்ற ஒன்று என்பதால், குடும்பம் அதைத் தாமதமாகச் செய்வதில் தயங்க ஒன்றுமில்லை.

ஊரில் கல் வைக்க நினைக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று சிறிய பலகைக் கற்கள் வைத்தார்கள். இன்றும் சுவர்களில் பதிந்து கிடக்கின்றன. எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர். சிப்பாய்களை எண்ணிக்கையாகவே எழுதினார்கள். அதோடு ஒப்பிடுங்கள், அதே வட ஆற்காட்டில், செங்கம் பக்கம் கிடைத்த பல்லவர் கால நடுகற்களை. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாடுகளை மீட்கும்போது, இன்ன பெயருடையவன் பட்டான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். நடுகல்லின் படிகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று வரிசைப்படுத்துகிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதுதான் அங்கே முதல் படி. வாழ்த்து கடைசியில்தான் வருகிறது.

ஆகவே கல்லில் ‘மாவீரன்’, ‘தியாகச் சுடர்’ என்றெல்லாம் போடச் சொல்லி அச்சகத்துக்காரரும் கட்சிக்காரரும் வருவார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பெயர், தகப்பன் தாய் பெயர், படை எண், படைப்பிரிவு, பிடிபட்ட நாளும் இடமும், இறந்த இடம் இன்னது என்று தெரிந்தால் அது, கிரான்ஜித் தூண் எண். வயது உறுதியில்லை என்றால் ‘சுமார்’ என்று போடுங்கள். ‘போர்க்கைதியாக இருந்தபோது இறந்தார்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்; வந்த கடிதத்தில் இருந்த ஒரே உண்மையான வரி அது, அந்தக் கடிதமும் இப்போது இல்லை.

முதலில் மெடலின் விளிம்பைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான்கு பக்கமும் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் வேண்டும். எண் முழுதாகக் கிடைத்தால் ஒரு வாரத்தில் தூண் எண்ணைச் சொல்லிவிட முடியும்.